பெருந்தாடைக்கு வெண்சிறகு கொடுத்த கதை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நம்பியும் நம்பாமலும் வைத்திருக்கிறேன். இதை எனக்குச் சொன்னது ஒரு வரித்தலை வாத்து. குளிர்காலத்தில் பனிமலையைத் தாண்டி நம் பக்கம் வந்து, வெயில் ஏறும் முன்பே திரும்பிப் போய்விடுகிற பறவை அது. ஆனால் அது சொன்ன கதையில் பாதி கோடையில் நடக்கிறது. கோடையில் இங்கே இல்லாத பறவைக்குக் கோடைக் கதை எப்படித் தெரியும்? அதற்கு வாத்து ஒரு காரணம் சொன்னது. காரணம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன்.

காட்டோரத்தில் ஓர் ஏரி. அதன் நடுவே ஒரு வெள்ளைப் பாறை. அந்த ஏரியில் பெருந்தாடை என்று ஒரு முதலை இருந்தது.

ஏரியின் மதகடியில் மீன்கள் கூட்டமாகத் துள்ளும். அந்த இடத்துக்காக நீர்நாய்களும் நீர்க்காகங்களும் ஓயாமல் சண்டை போட்டன. நீர்க்காகங்கள் நீர்நாய்க் குட்டிகளின் கண்ணைக் கொத்தின. கிளையிலிருந்து தவறி விழுந்த நீர்க்காகக் குஞ்சுகளை நீர்நாய்கள் கவ்விக் குதறின. மதகுத் தண்ணீர் பல நாள் சிவப்பாகவே ஓடியது.

ஒரு கார்த்திகைக் காலையில் பெருந்தாடை மெல்ல நீந்தி வந்தது. மதகுக்கு முன்னால் குறுக்கே படுத்தது. வாயைத் திறந்தது.

"என்ன இங்க சத்தம்?" என்றது.

சண்டை அப்படியே நின்றது.

"காலையில நீர்நாய் மீன் பிடிக்கட்டும். சாயங்காலம் நீர்க்காகம் பிடிக்கட்டும். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"ரொம்ப சந்தோஷம்!" என்ற முதலை கண்களை மூடிக்கொண்டது.

"இவரு இப்படி வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டா யாருக்கு ஆட்சேபம் வரும்?" என்று ஓர் இளைய நீர்நாய் தன் அண்ணனிடம் முணுமுணுத்தது.

"நீ வாயை மூடுடா! பல்லைப் பாத்தியா, பல்லை?" என்றது அண்ணன்.

அன்றிலிருந்து மதகடியில் ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை. இதை நான் மறைக்கக் கூடாது. சண்டை நின்றது உண்மை. இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் தயங்கிவிடுகிறேன். பயத்தால் நின்றால் என்ன, குட்டிகளின் கண் தப்பியதே என்று தோன்றும். உடனே, அப்படித் தோன்றுவதே தப்போ என்றும் தோன்றும்.

அந்தக் குளிர்காலத்தில் தூர தேசத்துப் பறவைகள் ஏரிக்கு வந்து இறங்கின. பூநாரைகள், வாத்துகள், உள்ளான்கள் எல்லாம் வந்தன. அவற்றுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. ஊர் திரும்பும் முன், நீர்நிலையில் அமைதி காத்த ஒருவருக்கு வெண்சிறகு கொடுக்கும். வடக்கே பனிக்கடல் ஓரத்தில் ஏதோ ஒரு பெரிய பறவை உதிர்த்த சிறகு அது. மருந்துக்குக்கூட அதில் கறுப்பு கிடையாது. அதைப் பெற்றவரின் பெயர் பறவைகள் போகிற வழியெல்லாம், நாடு நாடாகப் பரவும்.

வெண்சிறகோடு ஒரு விதியும் வரும். அதைப் பெற்றவர் வாழும் நீர்நிலை 'அச்சமற்ற நீர்' ஆகிவிடும். அங்கே யாரும் எச்சரிக்கைக் குரல் எழுப்பக் கூடாது. எழுப்பினால் அந்தத் தண்ணீரைவிட்டே வெளியேற வேண்டும்.

இதைக் கெட்ட எண்ணத்தில் யாரும் விதிக்கவில்லை. நெடும்பயணத்துக்கு முன்னால் பறவைகள் உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கூச்சலுக்கும் பதறிப் பறந்தால் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடும். அமைதியான இடத்தில் கூச்சல் எதற்கு என்று எப்போதோ யாரோ நினைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஏரியில் ஒரு மைனா இருந்தது. முதலையின் முதுகில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதுதான் அதற்கு வேலை. அது பறந்து வந்து பெருந்தாடையின் தலையில் குதித்தது.

"ஐயா! ஐயா! பறவைச் சபையில உங்க பேரு அடிபடுது! வெண்சிறகு உங்களுக்குத்தானாம்!"

"சிறகா?" முதலை கண்ணைத் திறக்கவில்லை. "அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? திங்க முடியுமா?"

"திங்க முடியாதுங்கய்யா. ஆனா அதுகூடவே ஒரு விதி வருது." மைனா குனிந்து, எச்சரிக்கைக் குரல் கூடாது என்கிற விதியைச் சொன்னது.

முதலை ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு இன்னொன்றையும் திறந்தது.

"அப்படியா! அப்ப உலக சமாதானத்துக்காக நான் அதை வாங்கிக்கத்தான் வேணும்!"

செய்தி ஏரிக்கரைக்கும் போயிற்று. அங்கே சிவந்தி என்கிற ஆள்காட்டிக் குருவி இருந்தது. கண்ணோரம் சிவப்புச் சதை தொங்கும் பறவை. ஆபத்து எதுவானாலும் முதலில் பார்ப்பதும் முதலில் கத்துவதும் ஆள்காட்டிதான். அது "டிட்டிட்டீ!" என்று கத்தினால் மான் காதை விறைக்கும், நீர்நாய் மூழ்கும், கொக்கு எழும்பும். கோடைகளில் அந்தக் குரல்தான் ஏரியைக் காப்பாற்றிவந்தது. முதலை கோடைதோறும் சிலரைப் பிடித்துத் தின்றது. ஆனால் சிவந்தியின் குரலால் தப்பியவர்கள்தான் அதிகம்.

சிவந்தி நேராகச் சபைக்கு ஓடியது.

மாசி மாதம், வெள்ளைப் பாறையைச் சுற்றிச் சபை கூடியிருந்தது. தலைமை தாங்கியது ஒரு மூத்த பூநாரை. தூர தேசத்துப் பறவைகள் எப்போதும் திருத்தமாகத்தான் பேசும்.

"மதகடிப் போரை முதலையார் நிறுத்தினார் என்று கேள்விப்பட்டோம். சம்பந்தப்பட்டவர்கள் முன்னே வரலாம்."

அண்ணன் நீர்நாயும் ஒரு நீர்க்காகமும் முன்னே வந்தன. பத்தடி தள்ளி, வெயிலில், பெருந்தாடை வாயைப் பிளந்து கிடந்தது.

"உங்கள் சண்டையை நிறுத்தியது இவர்தானா?"

"அவருதாங்க."

"இப்போது உங்களுக்கு ஏதும் பயம் உண்டா?"

முதலை கொட்டாவி விட்டது.

"இல்லைங்க," என்றது நீர்நாய்.

"இல்லவே இல்லைங்க!" என்றது நீர்க்காகம்.

"பாருங்க, பாருங்க!" என்று மைனா கூவியது. "ஐயா மூக்கு நுனியில கொக்கு நடக்குது பாருங்க! இப்படி ஒரு சாந்தத்தை எந்த ஊர்லயாவது பாத்திருக்கீங்களா?"

உண்மைதான். ஒரு வெள்ளைக் கொக்கு முதலையின் மூக்கை ஒட்டி நிதானமாக நடந்துகொண்டிருந்தது. சபை மெய்மறந்து பார்த்தது.

"நானும் வந்த நாளாகப் பார்க்கிறேன்," என்றது ஓர் உள்ளான். "அவர் ஒரு புழுவைக்கூடத் துன்புறுத்தியதில்லை."

அப்போதுதான் சிவந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது.

"குளிர்ல முதலைக்குப் பசிக்காதுங்க! அவ்வளவுதான் விஷயம். உடம்பு சில்லுனு கிடந்தா அதுக்குச் செரிக்காது. வெயில் ஏறட்டும், தண்ணி வத்தட்டும், அப்ப வந்து பாருங்க!"

"அப்போது நாங்கள் இங்கே இருக்க மாட்டோமே, அம்மா," என்றது பூநாரை.

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

உள்ளான்கள் சிரித்தன.

பூநாரை கழுத்தை வளைத்து நிமிர்ந்தது. "நாங்கள் கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்போம். காதால் கேட்டதை வைத்து ஒருவரைக் குறை சொல்ல மாட்டோம். எங்கள் நேர்மை அப்படிப்பட்டது."

"நான் கண்ணால கண்டதைத்தாங்க சொல்றேன்!"

"அது உங்கள் கண், அம்மா."

"வயித்தெரிச்சல்!" என்றது மைனா. "இதுக்குக் கத்துறதுதான் பொழப்பு. ஏரியில சமாதானம் வந்துட்டா இதுக்கு என்ன மரியாதை இருக்கு? அதான் இந்தக் குதி குதிக்குது!"

"ஆமாண்டா, என் குஞ்சு உயிரோட இருக்கணும்னு நினைக்கிறது வயித்தெரிச்சல்தான்!" என்று சிவந்தி சீறியது. "இந்த ஏரிக்கரையிலதான் முட்டை வைக்கப்போறேன். குஞ்சு பொரிச்ச அன்னிக்கே தண்ணிக்கு நடந்து வரும். நான் கத்தினாத்தான் அது மண்ணோட மண்ணா ஒட்டிக்கும். கத்தலேன்னா ஓடிக்கிட்டே இருக்கும். எங்க ஓடும்? இவரு வாய்க்குள்ளதான் ஓடும்! என் வாயைக் கட்டிப்போட்டுட்டு நீங்க பறந்து போயிடுவீங்க!"

முதலை மெதுவாகத் தலையைத் தூக்கியது.

"தங்கச்சி பயப்படுது. பயப்படுறவங்களை நான் கோவிச்சுக்க மாட்டேன்," என்றது. "சபை என்ன முடிவு பண்ணினாலும் எனக்குச் சம்மதம்."

"எத்தனை பெருந்தன்மை!" என்றது பூநாரை.

வாக்கெடுப்பு தொடங்கியது. அந்தச் சபையில் சம்மதம் என்றால் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். மறுப்பு என்றால் இரண்டு காலும் ஊன்றி நிற்க வேண்டும். பூநாரைகள் எப்போதுமே ஒற்றைக்காலில்தான் நிற்கும். அதனால் அந்தச் சபையில் எந்தத் தீர்மானமும் தோற்றதே கிடையாது. இது ஒரு குறை என்று அன்றுவரை யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குக் கதை சொன்ன வாத்தும் அங்கே இருந்தது. அதன் பெயர் வரியன். அது முதலில் இரண்டு காலிலும்தான் நின்றதாம். சிவந்தி சொன்னது அதன் மனதைக் குடைந்தது. பக்கத்தில் பார்த்தது, எல்லோரும் ஒற்றைக்காலில். முன்னால் பார்த்தது, அங்கேயும் ஒற்றைக்கால்.

"என்ன வரியா, கால் வலிக்கிறதா?" என்று பக்கத்து வாத்து கேட்டது.

"இல்லை, யோசிக்கிறேன்."

"நாளை மறுநாள் பனிமலை ஏற வேண்டும். இந்த ஏரி அடுத்த கார்த்திகைக்குத்தான். இதற்குப் போய் யோசனையா?"

வரியன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டது.

வெண்சிறகை வெள்ளைப் பாறையின் பிளவில் செருகினார்கள். முதலை தலை வணங்கியது. ஏரி முழுக்க இறக்கைகள் படபடவென்று அடித்தன.

புறப்படும் நாளில் வாத்துக் கூட்டம் விர்ரென்று மேலே எழுந்தது. கரையோரமாகப் போகிற மின்கம்பியை வரியன் கவனிக்கவில்லை. இடது இறக்கை கம்பியில் அடிபட்டது. சுழன்று கோரைப்புல்லில் விழுந்தது. கூட்டம் வட்டமிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தது. வரியனால் எழ முடியவில்லை. கூட்டம் வடக்கே போய் மறைந்தது.

வாத்து எனக்குச் சொன்ன காரணம் இதுதான். அந்த ஒரு கோடையில் அது ஊர் திரும்பவில்லை.

கோரைக்குள் முதலில் எட்டிப் பார்த்தது சிவந்திதான்.

"அட! யாரு இது? ஒத்தைக்கால் மகராசனா?"

"என்னை மன்னிக்க வேண்டும், அம்மா."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். முதல்ல தலையைக் குனிங்க. தூரத்துல இருந்து பாத்தாலே வெள்ளையா தெரியுது."

சிவந்தி அதற்கு இளங்கோரை முளைக்கிற இடத்தைக் காட்டியது. மைனா வருகிற நேரத்தைச் சொல்லிக்கொடுத்தது. கூடவே குத்திக் காட்டவும் தவறவில்லை.

"நல்லா சாப்பிடுங்க. கொழுப்பு கரையாம இருக்கணும்ல? அதுக்குத்தானே எங்க வாயை மூடினீங்க!"

வரியன் தலையைக் குனிந்து கோரையைக் கடிக்கும்.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. தண்ணீர் கரையைவிட்டு இறங்கி இறங்கி, கடைசியில் வெள்ளைப் பாறையின் அடியில் ஒரு குட்டையாகச் சுருங்கியது. சுற்றிலும் வெடித்த சேறு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு தண்ணீர் கிடையாது. காட்டுக்கு எல்லாம் அந்தக் குட்டைதான். அந்தக் குட்டைக்குள் பெருந்தாடை.

அதன் வயிறு இப்போது ஒட்டியிருந்தது. அது வெயிலில் படுப்பதில்லை. கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியக் கலங்கல் நீரில் கிடந்தது. மூக்கருகே நடந்த கொக்கை முதல் வாரத்திலேயே காணவில்லை.

ஒரு நாள் மான்குட்டி ஒன்று தண்ணீர் குடிக்க இறங்கியது. சிவந்தி கரையிலிருந்து பார்த்தது. தண்ணீருக்குள் ஒரு நீண்ட நிழல் நகர்ந்தது. சிவந்தி கத்த அலகைத் திறந்தது. பாறைமேல் மைனா அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"விதி!" என்றது மைனா. "ஞாபகம் இருக்குல்ல?"

சிவந்தி அலகை மூடிக்கொண்டது. தண்ணீர் ஒரு முறை கொதித்து அடங்கியது.

"தவறி விழுந்துடுச்சு! யாரும் பதற வேண்டாம்! இது அச்சமற்ற நீர்!" என்று மைனா அறிவித்தது.

பிறகு நீர்நாய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சாட்சி சொன்ன அண்ணன் நீர்நாயும் போயிற்று. நீர்க்காகங்களும் குறைந்தன.

"மதகடிச் சண்டை இப்ப இருக்கா? சொல்லுங்க! இருக்கா?" என்று மைனா கேட்டது.

"சண்டை போட ஆளு எங்கடா இருக்கு?" என்று ஒரு நீர்க்காகம் தனக்குள் சொல்லிக்கொண்டது.

தம்பி நீர்நாய் சிவந்தியிடம் வந்து அழுதது. "அக்கா, நீ ஒரே ஒரு வாட்டி கத்தியிருந்தா எங்க அண்ணன் தப்பிச்சிருப்பான்."

"கத்தினா என்னைத் துரத்திடுவாங்கடா. தினம் இந்தத் தண்ணியில வயித்து இறகை நனைச்சுக்கிட்டுப் போய்த்தான் முட்டையைக் குளிர வைக்கிறேன். இல்லேன்னா இந்த வெயில்ல முட்டை வெந்து போகும். நான் எங்க போவேன், சொல்லு?"

"நீ சொல்றது நியாயம்தான்."

"நியாயமாவது மண்ணாவது. வேற வழியில்ல."

கோரைக்குள்ளிருந்து வரியன் இதையெல்லாம் கேட்டது. அதற்கு ஒற்றைக்காலில் நிற்கவே கூசியதாம். தூங்கும்போதுகூட இரண்டு காலையும் ஊன்றித் தூங்கியதாம். அது அப்படித்தான் சொன்னது.

முட்டைகள் பொரிந்தன. சாம்பல் பஞ்சு உருண்டைகள் போல நான்கு குஞ்சுகள் வெளியே வந்தன. அன்றே அவற்றுக்குத் தாகம் எடுத்தது. கரையிலிருந்து சேற்றின் மேல் குட்டையை நோக்கி ஓட ஆரம்பித்தன.

சிவந்தி முன்னால் ஓடி மறித்தது. அவை அதன் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடின. இறக்கையை விரித்து மறித்தது. சுற்றிக்கொண்டு ஓடின. தண்ணீர் ஓரத்தில் ஒரு மரக்கட்டை கிடந்தது. காலையில் அந்த இடத்தில் கட்டை எதுவும் இல்லை.

கத்தினால் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போனால் குஞ்சுகள் வெயிலில் செத்துவிடும். கத்தாவிட்டால் இதோ இப்போதே.

சிவந்தி பாறையைப் பார்த்தது. மைனா தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சிவந்தி குஞ்சுகளைப் பார்த்தது. அலகைத் திறந்தது. மூடியது.

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

கடைசியில் கத்திவிட்டது. பின்னால் வந்த ஒரு குஞ்சு சட்டென்று சேற்றோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் போன மூன்றுக்கும் அந்தக் குரல் தாமதமாகத்தான் கேட்டது. கட்டை அதற்குள் வாயைத் திறந்து மூடியிருந்தது.

"நீ என்ன செய்தாய்?" என்று கதையின் இந்த இடத்தில் வாத்தைக் கேட்டேன்.

"எனக்கும் உரத்த குரல்தான்," என்றது வாத்து. "ஆனால் என் பாஷை குஞ்சுகளுக்குப் புரியாது என்று நினைத்தேன்."

இருக்கலாம்.

பெருந்தாடை தலையைத் தூக்கியது. பல்லிடுக்கில் ஒரு மெல்லிய சாம்பல் இறகு ஒட்டியிருந்தது.

"சமாதானமா இருந்த ஏரியில யாரு சத்தம் போட்டது?" என்று வருத்தத்தோடு கேட்டது.

"சிவந்திதான்! சிவந்திதான்! சமாதான விரோதி!" என்று மைனா கூச்சலிட்டது.

குட்டையைச் சுற்றி மிச்சமிருந்தவை எல்லாம் சிவந்தியைப் பார்த்தன.

"ஏம்மா கத்தினே?" என்றது ஒரு முயல். "அவருக்குக் கோவம் வந்தா எல்லாருக்கும்தானே கஷ்டம்?"

"போயிடு அக்கா," என்றது தம்பி நீர்நாய். "விதி அப்படித்தானே இருக்கு? போயிடு."

சிவந்தி யாரையும் திட்டவில்லை. மிஞ்சிய குஞ்சை முன்னால் விட்டு, காய்ந்த வயல்களைப் பார்த்து நடந்தது. கோரைப் பக்கம் வந்தபோது கொஞ்சம் நின்றது.

"உங்க ஆளுங்க திரும்ப வருவாங்கல்ல?"

"கார்த்திகையில் வருவார்கள், அம்மா."

"கண்ணால பாத்ததைத்தான் நம்புவோம்னு சொன்னாங்க. இப்ப நீங்க பாத்துட்டீங்க. உங்க கண்ணு அவங்க கண்ணுதானே? சொல்லுவீங்களா?"

"சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன்."

சிவந்தி வரியனைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போனது. அந்த வெயிலில், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சு எத்தனை தூரம் நடக்கும் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. முழுதாக யோசித்து முடித்ததில்லை.

மழை வந்தது. ஏரி நிறைந்தது. வரியனின் இறக்கை கூடிவிட்டது. குளிர் இறங்கியதும் பெருந்தாடை வெயிலில் வாயைப் பிளந்து படுத்தது. எங்கிருந்தோ ஒரு புதுக் கொக்கு வந்து அதன் மூக்கருகே நடக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துத் தூர தேசத்துப் பறவைகள் வந்து இறங்கின.

சபை கூடியது. பூநாரைக்கு வரியனைக் கண்டதில் அத்தனை மகிழ்ச்சி.

"நண்பரே! நம்மில் ஒருவர் கோடை முழுவதும் இங்கே இருந்திருக்கிறார்! இதுவரை யாருக்கும் கிடைக்காத வாய்ப்பு. சொல்லுங்கள், நாம் எடுத்த முடிவு சரிதானே?"

முதலை கொட்டாவி விட்டது. சபை முழுவதும் வரியனைத் திரும்பிப் பார்த்தது.

இந்த இடத்தில் வாத்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெண்சிறகைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். விதியும் நீங்கியது."

"முதலை என்ன சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒன்றும் சொல்லவில்லை."

"பூநாரை?"

"வருத்தப்பட்டது."

"மைனா சும்மாவா இருந்தது?"

"நேரமாயிற்று," என்று வாத்து தண்ணீரில் இறங்கிவிட்டது.

கோடையில் நடந்ததை ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு நிழலாகச் சொன்ன பறவை அது. சபையை மட்டும் ஒரே மூச்சில் முடித்துவிட்டது. முக்கியமான பேச்சைப் பேசியவர்கள் அதை இவ்வளவு சுருக்கமாகவா சொல்வார்கள்? அல்லது கூச்சமா? நல்லது செய்தவர்களுக்கும் கூச்சம் வருவதுண்டு. இப்படியே இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு வருடங்கள் போய்விட்டன. கதையைக் கேட்ட குழந்தைகளுக்கெல்லாம் வாத்து சொன்ன முடிவையே நானும் சொல்லிவந்தேன். முதலையிடமிருந்து சிறகைப் பறித்தார்கள் என்றதும் குழந்தைகள் கைதட்டும். கைதட்டல் ஓயும் முன்பே நான் வேறு கதைக்குப் போய்விடுவேன்.

சென்ற சித்திரையில் அந்த ஏரிக்குப் போனேன். தண்ணீர் சுருங்கிப் பாறையடியில் கிடந்தது. கரையில் நடந்தபோது, காலடியில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டைகளைப் பார்த்தேன். ஆள்காட்டி முட்டைகள். மிதித்திருப்பேன், மயிரிழையில் தப்பின. எதிரே தாய்ப்பறவை நின்றது. என்னைப் பார்த்து அலகை அகலத் திறந்தது. சத்தம் வரவில்லை. திறந்த அலகோடு என்னைச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. வெண்சிறகைச் செருகிய அந்தப் பாறையின் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

கதைக்கு நீதி சொல்ல வேண்டும். ஒருவருக்கு அமைதிக்கான பரிசைக் கொடுக்கும் முன், எல்லாப் பருவத்திலும் அவர் பக்கத்தில் வாழ வேண்டியவர்களைக் கேளுங்கள். கேட்டபின் அவர்கள் சொன்னதை நம்புங்கள். இந்த நீதியில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கார்த்திகை பிறந்தது. வாத்துகள் வந்தன. கூட்டத்தில் வரியனைத் தேடிக் கண்டுபிடித்தேன். அதற்கு வயதாகிவிட்டது. என்னைக் கண்டதும் கரைக்கு வந்தது. இத்தனை வருடங்களாகக் கேட்காத கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வரியா, நீ அன்றைக்குச் சபையில் எழுந்து பேசியது உண்மையானால், அந்த ஏரியில் ஆள்காட்டிகள் ஏன் இன்னும் கத்துவதில்லை?"